பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: கிட் மென்பொருளை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எடைபோடுகிறேன்

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைக் கட்டம் கட்டமாகப் பதிந்துவைத்து, பலர் சேர்ந்து வேலை செய்ய உதவும் கிட் மென்பொருளைப் புகழ்ந்து எழுத என்னிடம் நிறைய இருக்கிறது. அதன் வேகத்தையும், ஒப்படைத்ததைத் தொலைக்காத குணத்தையும் நம்பித்தான் என் வேலை நடக்கிறது. ஆனால் இந்த மதிப்புரை ஒரே கேள்விக்கானது. கோப்புப் பெயர்களில் வரும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கிட் ஒரே சீராகக் கையாள்கிறதா? கையாளவில்லை என்பது என் முடிவு. எங்கே தவறுகிறது, எங்கே பாராட்டுக்குரியது, அதை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்பதையெல்லாம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பாடப்பொருள் தொகுப்பு ஒன்றைப் பராமரிக்கிறேன். பாடம் எழுதுபவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் இருக்கிறார்கள். படம் வரைபவர்கள் மேக்கில் வேலை செய்கிறார்கள். எல்லாவற்றையும் தொகுத்து இணையத்தில் ஏற்றும் செர்வர் லினக்ஸில் ஓடுகிறது. கேமராவிலிருந்து நேராக வரும் படங்களின் பெயரும் அதன் பின்னொட்டான ஜேபிஜியும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். பாடம் எழுதுபவர் அதே பின்னொட்டைச் சிறிய எழுத்தில் எழுதுவார். அவர் கணினியில் படம் தெரியும், சரிபார்ப்பவர் கணினியிலும் தெரியும், செர்வரில் மட்டும் தெரியாது. மூன்று இயங்குதளங்கள் கலந்து வேலை செய்யும் எந்தக் குழுவுக்கும் இது பழகிய காட்சிதான்.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் மரபில் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோட்டையும் பூஜ்ய பைட்டையும் தவிர எதுவும் பெயரில் வரலாம். ஆஸ்கி அட்டவணையில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இடையே 32 வித்தியாசம் இருப்பதால் லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். டாஸ் மரபு வேறு. அங்கே பெயர் எட்டு எழுத்து, பின்னொட்டு மூன்று எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. 1995இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களைக் கொண்டுவந்தபோது, எழுதியபடியே பெயரைச் சேமித்தது. தேடும்போது மட்டும் வேறுபாடு பார்க்கவில்லை. விண்டோஸின் இன்றைய கோப்பு முறைமையான (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) என்டிஎஃப்எஸ் சாதாரணமாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ்ஸும் இயல்பிருப்பில், அதாவது நாம் எதையும் மாற்றாதபோது, இப்படித்தான். அதே ஏபிஎஃப்எஸ் ஐபோனில் வேறுபாடு பார்க்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே 'விண்டோஸ் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும்' என்று இயங்குதளத்தின் பெயரை வைத்துச் சொல்வது சரியல்ல. இது கோப்பு முறைமையின் குணம். சில இடங்களில் கோப்புறைக்குக் கோப்புறை மாறும் குணம். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து எஃப்எஸ்யூடில் கட்டளையால் ஒரு தனிக் கோப்புறையை மட்டும் வேறுபாடு பார்க்கும்படி மாற்ற முடிகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின், 2019இல் வந்த 5.2 பதிப்பு இதற்கு நேர்மாறானதைத் தந்தது. லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4இல் ஒரு காலிக் கோப்புறையை வேறுபாடு பார்க்காததாக மாற்றும் வசதி அது. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் சாம்பா போன்ற மென்பொருள்கள் ஒரு பெயரைத் தேடக் கோப்புறை முழுவதையும் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டியிருந்த சுமை இதனால் குறைகிறது. இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இந்தத் தேர்வைத் தரவுத்தொகுதியை உருவாக்கும்போதே செய்துவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை.

இந்தக் கலவையான உலகத்தில் கிட் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

லினக்ஸ் கெர்னலுக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. அந்தப் பிறப்பு இதன் உடம்பில் தெரிகிறது. உள்ளே பெயர்கள் பைட்டுகளாகவே சேமிக்கப்படுகின்றன. ஒரு கமிட்டுக்குள், அதாவது பதிந்துவைத்த ஒரு கட்டத்துக்குள், பெரிய எழுத்தில் தொடங்கும் 'லோகோ'வும் சிறிய எழுத்தில் தொடங்கும் 'லோகோ'வும் எந்தச் சிக்கலும் இன்றி அருகருகே இருக்கும். சேமிப்பு முறை என்ற அளவில் இதை நான் முழு மனதுடன் ஏற்கிறேன். கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த களஞ்சியம் என்பது யார் எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும், கிட் சொல்கிறது. சிக்கல் அந்தப் பெயர்கள் வட்டில் இறங்கும் இடத்திலும் வட்டிலிருந்து ஏறும் இடத்திலும்தான் தொடங்குகிறது.

புதிய களஞ்சியத்தைத் தொடங்கும்போதோ, இருப்பதைக் குளோன் செய்யும்போதோ (முழு நகலாக எடுக்கும்போதோ) கிட் ஓர் அழகான சோதனை செய்கிறது. களஞ்சியத்தின் மறைவுக் கோப்புறையில் 'கான்ஃபிக்' என்ற கோப்பு முழுக்கச் சிறிய எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கிட் அதே பெயரை ஒன்றுவிட்டு ஒன்று பெரிய எழுத்தாக எழுதித் தேடிப் பார்க்கிறது. கிடைத்துவிட்டால் இந்தக் கோப்பு முறைமை வேறுபாடு பார்க்காது என்று பொருள். உடனே 'கோர் இக்னோர்கேஸ்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று எழுதிவைக்கிறது. இயங்குதளத்தின் பெயரைக் கேட்காமல், உண்மையான வட்டை நேரில் கேட்கிறது பாருங்கள், இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை. மேக்கில் வேறுபாடு பார்க்கும் தனிப் பகுதி வைத்திருப்பவருக்கும், லினக்ஸில் வேறுபாடு பார்க்காத கோப்புறை வைத்திருப்பவருக்கும் சரியான விடையே கிடைக்கும்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கிட் அப்போது மட்டும்தான் கேட்கிறது. பதிலை அமைப்புக் கோப்பில் எழுதியபின் அதையே நம்பிக்கொண்டிருக்கிறது. மேக்கில் குளோன் செய்த கோப்புறையை அப்படியே வட்டு வழியாக லினக்ஸுக்கு நகலெடுத்தால் 'ட்ரூ' என்ற பதிலும் கூடவே போகும். அங்கே அது பொய். வேறுபாடு பார்க்காத எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள வெளி வட்டுக்கு லினக்ஸிலிருந்து நகலெடுத்தால் இதே பொய் மறுபக்கமாக நடக்கும். எங்கள் குழுவில் களஞ்சியத்தைக் கோப்புறையாக நகலெடுத்துக் கொடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. நேரமானாலும் புதிதாகக் குளோன் செய்யச் சொல்கிறேன்.

அடிக்கடி நிகழும் துன்பம் இதைவிடச் சிறியது, ஆனால் சத்தமே போடாதது. மேக்கில் ஒருவர் கோப்பு உலாவியில் 'லோகோ'வின் முதல் எழுத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றுகிறார். கிட் தன் பட்டியலில் உள்ள பழைய பெயரை வட்டில் தேடுகிறது. வட்டு 'இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறது. புதிய பெயர் கண்ணில் பட்டாலும், வேறுபாடு பார்க்க வேண்டாம் என்ற அமைப்பின்படி அது பழைய பெயரோடு பொருந்திவிடுகிறது. ஆகவே நிலைமையைக் கேட்டால் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று பதில் வரும். பெயர் மாற்றியவர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். அவருடைய திரையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. செர்வருக்குப் போவது பழைய பெயர். இங்கே கிட் விதிப்படிதான் நடந்தது. ஆனால் பயன்படுத்துபவரின் நோக்கம் கமிட்டுக்குள் போகவில்லை, போகவில்லை என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை. வட்டில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்தளவில் மாறுபடுவது கிட் கண்டுபிடிக்கக்கூடிய செய்தியே. அதைப் பார்த்தும் பேசாமல் இருப்பதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

மாற்றத்தைக் கிட்டின் வழியாகவே செய்வது இதற்கு மருந்து. 'கிட் எம்வி' கட்டளை முன்பு இந்த மாதிரியான பெயர்மாற்றத்தை, இலக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி மறுத்துவந்தது. 2014இல் அது திருத்தப்பட்டது. இப்போது தனிக் கோப்புகளுக்கு நேரடியாக வேலை செய்கிறது. கோப்புறையின் பெயரை மாற்றும்போது மட்டும் இடையில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்து இரண்டு படியாகச் செய்யுங்கள். பழைய கோப்புறை தனக்குள்ளேயே நுழைய முயல்வதைப் போன்ற குழப்பத்தை இது தவிர்க்கும், எந்தப் பதிப்பிலும் பிசகாது.

இணையத்தில் இதற்கு ஒரு தவறான வைத்தியம் பரவலாகச் சுற்றுகிறது. மேக்கிலும் விண்டோஸிலும் 'கோர் இக்னோர்கேஸ்' அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வட்டு வேறுபாடு பார்க்காது, கிட்டிடம் மட்டும் 'பார்க்கும்' என்று பொய் சொல்கிறீர்கள். மேலே சொன்ன பெயர்மாற்றத்தைக் கிட் இப்போது கவனிக்கும், உண்மைதான். ஆனால் புதிய பெயரைப் புதிய கோப்பாகச் சேர்க்கும், பழைய பெயரையும் விடாது, ஏனெனில் வட்டைக் கேட்டால் அதுவும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். வட்டில் ஒரு கோப்பு, கமிட்டில் இரண்டு. அதை லினக்ஸில் எடுப்பவர் இரண்டையும் பெறுவார். ஒன்றைத் திருத்துவார், இன்னொன்று பழையதாகவே கிடக்கும். இந்த அமைப்பை மாற்றினால் எதிர்பாராத விளைவுகள் வரலாம் என்று கிட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. அதை இன்னும் அழுத்தமான சொற்களில் எழுதியிருக்கலாம்.

இப்படி இரட்டைப் பெயர் உள்ள களஞ்சியத்தை மேக்கிலோ விண்டோஸிலோ குளோன் செய்தால் என்ன நடக்கும்? இதைப் பார்க்க விரும்புபவர்களுக்குத் தரமான மாதிரி லினக்ஸ் கெர்னலின் களஞ்சியமே. அதில் வலைப் பொட்டலங்களை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் 'எக்ஸ்டி டிஎஸ்சிபி' என்ற பெயரில் இரண்டு மூலக் கோப்புகள் உண்டு. ஒன்றில் பின்பாதி பெரிய எழுத்து, மற்றதில் சிறிய எழுத்து. ஒன்று பொட்டலத்தின் தலைப்பை மாற்றுவது, மற்றது பொருத்திப் பார்ப்பது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகளுக்கு நடுவே இருக்கும் பிரிவு வெறும் எழுத்தின் உயரம்தான். சாதாரண மேக்கில் குளோன் செய்தால் இரண்டில் ஒன்றே வட்டில் நிற்கும். அடுத்த நொடியிலேயே மற்றொன்று 'திருத்தப்பட்டிருக்கிறது' என்று கிட் காட்டும். பழைய நிலைக்குத் திருப்பினால் இந்தப் பக்கம் சரியாகி அந்தப் பக்கம் கெடும். எதையும் தொடாமலே அழுக்கான களஞ்சியம் உங்கள் கையில் இருக்கும்.

2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பிலிருந்து குளோன் செய்யும்போது மோதும் பெயர்களைக் கிட் பட்டியலிட்டு எச்சரிக்கிறது. ஒவ்வொரு மோதல் குழுவிலும் ஒன்று மட்டுமே வட்டில் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. நல்ல மாற்றம். அதற்கு முன்பு காரணம் தெரியாமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் இந்த எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெயரைச் சேர்த்தவர் லினக்ஸில் நிம்மதியாக இருக்கிறார். களஞ்சியத்தைப் புதிதாக எடுக்கும் மேக்காரருக்குத்தான் செய்தி வருகிறது. அவருக்கு அந்தக் கோப்புகள் எதற்கு என்றே தெரியாது, எதை நீக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் இருக்காது. வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டியதைப் பந்தியில் உட்கார்ந்தபின் கேட்பது போன்றது இது. பெயர் களஞ்சியத்துக்குள் நுழையும் கணத்தில், அதாவது கோப்பைச் சேர்க்கும் கட்டளையிலேயே, 'இதே பெயர் வேறு எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது' என்று லினக்ஸிலும் சொல்லியிருக்க வேண்டும்.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கிட் பிறந்த அதே 2005இல் பிறந்த மெர்க்குரியல் என்ற போட்டி மென்பொருள் இதைச் செய்கிறது. அதில் 'போர்ட்டபிள் ஃபைல்நேம்ஸ்' என்றோர் அமைப்பு உண்டு. லினக்ஸில் உட்கார்ந்து ஒரு கோப்பைச் சேர்க்கும்போதே, இந்தப் பெயர் விண்டோஸில் உருவாகாது என்றோ, ஏற்கெனவே உள்ள பெயரோடு எழுத்தளவில் மோதுகிறது என்றோ எச்சரிக்கும். எச்சரிக்கை இயல்பிருப்பிலேயே இருக்கிறது. விரும்பினால் சேர்ப்பதையே தடுக்கும்படி வைக்கலாம். தன் சேமிப்பகத்துக்குள்ளேயும் பெரிய எழுத்தை அடிக்கோட்டுடன் கூடிய சிறிய எழுத்தாக மாற்றி எழுதுகிறது. எந்த வட்டில் வைத்தாலும் உள் கோப்புகள் மோதாது. உலகம் கிட் பக்கம் போனதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் இந்த ஓர் அம்சத்தில் மெர்க்குரியலின் முன்யோசனை உயர்ந்தது என்பதை நான் எங்கும் சொல்வேன்.

கணினி மொழிகளைப் பார்த்தாலும் இதே அக்கறை தெரிகிறது. பைதான் 2001இல் வந்த 2.1 பதிப்பிலேயே, வட்டு வேறுபாடு பார்க்காவிட்டாலும் இறக்குமதி செய்யும் தொகுதியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்தது. விண்டோஸில் ஓடும் நிரல் லினக்ஸிலும் ஓடும் என்ற நம்பிக்கையை அது காக்கிறது. கோ மொழியின் தொகுதிச் சேமிப்பகம் பாதையில் வரும் ஒவ்வொரு பெரிய எழுத்தையும் ஆச்சரியக்குறியும் சிறிய எழுத்துமாக மாற்றி எழுதுகிறது. டைப்ஸ்கிரிப்டில் ஒரே கோப்பை இரண்டு எழுத்து வடிவங்களில் அழைத்தால் பிழை காட்டும் தேர்வு பல ஆண்டுகளாக விருப்பத் தேர்வாக இருந்து, 2023இல் 5.0 பதிப்பில் இயல்பிருப்பானது. மூன்றுமே வட்டின் குணத்தை நம்பாமல் தங்கள் விதியைத் தாங்களே வைத்துக்கொண்டன.

பாதுகாப்புப் பக்கத்தில் இந்த விஷயம் கிட்டை உண்மையாகவே சுட்டிருக்கிறது. 2014 டிசம்பரில் வெளியான குறைபாடு நினைவிருக்கலாம். கிட் தன் மறைவுக் கோப்புறையின் பெயரில் எவரும் கோப்பு சேர்க்க விடாது. ஆனால் அதே பெயரைப் பெரிய எழுத்து கலந்து எழுதினால் சேர்க்க விட்டது. தீய நோக்கமுள்ள களஞ்சியத்தை மேக்கிலோ விண்டோஸிலோ எடுத்தால், அந்தக் கோப்பு உங்கள் அமைப்புக் கோப்பின் மேலேயே எழுதப்படும். அமைப்புக் கோப்பு கையில் கிடைத்தால் உங்கள் கணினியில் கட்டளை ஓட்டலாம். 2.2.1 பதிப்பில் இது அடைக்கப்பட்டது. எல்லா இயங்குதளங்களிலும் அந்தப் பெயர் வடிவங்களை மறுத்ததுதான் அந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடித்த விஷயம். 2021 மார்ச்சில் குறியீட்டு இணைப்பும் (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் கோப்பு) எழுத்து வேறுபாடும் சேர்ந்து இன்னொரு ஓட்டையைத் திறந்தன. 2024 மே மாதத்தில் துணைக் களஞ்சியங்களின் வழியாக மீண்டும் அதே ஜோடி வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய பதிப்புகளுக்கும் சேர்த்துத் திருத்தம் வந்தது. அந்தப் பொறுப்புணர்வுக்கு முழு மதிப்பெண். பத்தாண்டுக்குள் ஒரே வேரிலிருந்து மூன்று முறை தளிர்த்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கிட் பதிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் இதற்காகவாவது இன்றே புதுப்பியுங்கள்.

தனித் தடத்தில் நடக்கும் வேலையைக் குறிக்கும் கிளைகளின் பெயர்களைப் பலர் யோசிப்பதில்லை. கிளை ஒன்று உருவானால் அதன் பெயரிலேயே மறைவுக் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு உருவாகிறது. லினக்ஸில் ஒருவர் பெரிய எழுத்தில் தொடங்கும் கிளையையும், இன்னொருவர் அதே பெயரில் சிறிய எழுத்தில் தொடங்கும் கிளையையும் ஏற்றிவிட்டால், மேக்கில் இறக்குபவருக்கு ஒரு கிளை இன்னொன்றின் மேல் விழும், அல்லது பூட்ட முடியவில்லை என்ற புரியாத பிழை வரும். 2024 ஏப்ரலில் வந்த 2.45 பதிப்பு 'ரெஃப்டேபிள்' என்ற புதிய சேமிப்பு வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதில் கிளைப் பெயர்கள் வட்டில் தனித்தனிக் கோப்புகளாக இல்லாமல் ஒரு அட்டவணைக்குள் எழுதப்படுகின்றன. வட்டின் குணம் கிளைப் பெயரைத் தொடவே முடியாது. அடுத்த பெரிய பதிப்பான 3.0இல் புதிய களஞ்சியங்களுக்கு இதையே இயல்பிருப்பாக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பெயர்ச் சிக்கலை ஒட்டுப்போடாமல் அடித்தளத்திலேயே தீர்த்த வேலை இது, மனதாரப் பாராட்டுகிறேன்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தால் பெரிய எழுத்துத் தொல்லையே இல்லை என்று சிலர் நிம்மதியடைவது உண்டு. அந்தத் தொல்லை இல்லைதான். அதன் உறவுக்காரத் தொல்லை இருக்கிறது. ஒகர ஓகார ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'கோ' என்பதை ககரத்தோடு ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று பிரித்து இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் துளி வேறுபாடும் தெரியாது. பைட்டுகளில் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயரைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், ஆகவே அங்கே 'கோப்பு' என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். இதற்காகக் கிட் 2012இலேயே 'ப்ரீகம்போஸ் யூனிகோட்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. மேக்கில் பிரித்த வடிவில் வரும் பெயர்களைச் சேர்த்த வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. எங்கள் தமிழ்ப் பெயர்க் கோப்புகள் இதனால்தான் பிழைக்கின்றன. கூடவே 'கோர் கோட்பாத்' அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் நிலைமைப் பட்டியலில் மூன்றிலக்க எண்களின் ஊர்வலமாகத்தான் தெரியும்.

ஐரோப்பிய மொழிகளில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வேறுபாடு பார்க்காமல் ஒப்பிடும்போது கிட் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டுமே மடக்குகிறது, அதாவது பெரியதையும் சிறியதையும் ஒன்றாக எண்ணுகிறது. தலைக்குறி பெற்ற எழுத்துகளை விடுகிறது. என்டிஎஃப்எஸ்ஸும் ஏபிஎஃப்எஸ்ஸும் அவற்றையும் மடக்கும். இருவருடைய அட்டவணையும் ஒன்றல்ல என்பதால் அந்த எழுத்துகள் உள்ள பெயர்களில் கிட் எடுக்கும் முடிவும் வட்டு எடுக்கும் முடிவும் பிரியலாம்.

இனி நான் வைத்திருக்கும் ஏற்பாடு. எங்கள் விதி எளிது: ஆங்கில எழுத்தில் பெயர் என்றால் முழுக்கச் சிறிய எழுத்து, பின்னொட்டு உட்பட. கேமராப் படங்கள் களஞ்சியத்துக்குள் வருவதற்கு முன்பே பெயர் மாற்றப்படுகின்றன. விதியை மனிதர்களின் நினைவில் விட்டுவிடாமல் 'ப்ரீகமிட்' கருவித் தொகுப்பில் உள்ள பெயர் மோதல் சோதனையை இணைத்திருக்கிறேன். சேர்க்கும் கோப்பின் பெயர் ஏற்கெனவே உள்ளதோடு எழுத்தளவில் மட்டும் மாறுபட்டால் கமிட்டை அது நிறுத்திவிடும். கிட் தானாகச் செய்ய வேண்டியதை வெளியிலிருந்து செய்கிறோம். ஒரு குறை, கமிட்டுக்கு முன் தானாக ஓடும் இந்தக் கொக்கிகள் குளோனுடன் வராது, ஒவ்வொருவரும் தனியே நிறுவ வேண்டும். நிறுவாதவர்கள் இருப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு, செர்வரிலும் அதே சோதனையை ஓட்டுகிறேன். கருவி எதுவும் வேண்டாம் என்பவர்கள் கிட்டின் கோப்புப் பட்டியலை 'சார்ட்', 'யூனிக்' கட்டளைகளுக்குள் எழுத்து வேறுபாடு பார்க்காத தேர்வுடன் அனுப்பினாலே போதும், மோதும் பெயர்கள் வெளியே விழும்.

இவை பிடிப்பது பெயரோடு பெயர் மோதுவதை மட்டும். கோப்பு ஒரு எழுத்தில், அதை அழைக்கும் வரி வேறு எழுத்தில் என்ற குறையைக் கிட்டால் அறிய முடியாது. அதைக் கிட்டின் மேல் போடுவது நியாயமும் அல்ல. அதற்கு நான் நம்புவது வேறுபாடு பார்க்கும் வட்டில் ஒருமுறை முழுதாகத் தொகுத்து, எல்லா இணைப்புகளையும் சரிபார்ப்பதை. மேக்கில் இருப்பவர்கள் வட்டுப் பயன்பாட்டுக் கருவியில் வேறுபாடு பார்க்கும் ஏபிஎஃப்எஸ் பகுதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அது இருக்கும் இடத்தையே பகிர்ந்துகொள்ளும், வட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. முழு வட்டையும் அப்படி மாற்றாதீர்கள், அதை எதிர்பார்க்காத மென்பொருள்கள் உண்டு. மேக்கில் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டி போன்ற சூழலுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறோமே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேக்கின் கோப்புறையை உள்ளே இணைத்து ஓட்டினால், உள்ளே லினக்ஸ் இருந்தாலும் அந்தக் கோப்புறையின் குணம் மேக்கின் குணம்தான்.

லினக்ஸில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. இஎக்ஸ்டி4இல் வேறுபாடு பார்க்காமல் இருக்கச் செய்யும் 'கேஸ்ஃபோல்ட்' வசதியுடன் ஒரு சிறிய வட்டுப் படிமத்தை உருவாக்கி, அதில் காலிக் கோப்புறை ஒன்றுக்கு அந்தக் குணத்தைக் கொடுத்து, அதற்குள் உங்கள் களஞ்சியத்தைக் குளோன் செய்து பாருங்கள். உள்ளே உருவாகும் கோப்புறைகளுக்கும் அந்தக் குணம் இறங்கும். மேக்காரருக்கும் விண்டோஸ்காரருக்கும் கிடைக்கப்போகும் மோதல் பட்டியல் அவர்களுக்கு முன்பே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

மூன்று இயங்குதளங்களில் ஆட்கள் உள்ள குழுவுக்குக் கிட்டைப் பரிந்துரைப்பேனா என்றால், தயங்காமல் பரிந்துரைப்பேன், மேலே சொன்ன சோதனையை முதல் நாளே இணைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் நாள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோதும் பெயர் ஒருமுறை கமிட்டாகிவிட்டால், இன்று அதை நீக்கினாலும் வரலாற்றில் அது நிரந்தரம். ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று 'பைசெக்ட்' செய்து பின்னோக்கிப் போகும்போது, அந்தப் பழைய கமிட்டில் மேக் மறுபடியும் இடறும், நகர மறுக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதினால் எல்லோருடைய குளோனும் உடையும் என்பதால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. அந்தக் காலப்பகுதிக்குள் தேட வேண்டியிருந்தால், லினக்ஸ் கணினியில் அதற்கென்று வைத்திருக்கும் தனிக் குளோனில்தான் தேடுகிறோம்.